ஒன்றாம் எண் சதைத் துண்டு

விம்கோ நகர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை இருந்தது. கொதிக்கக் கொதிக்க வரும் கண்ணாடி கிளாஸை எல்லாரும் விளிம்பில் இரண்டு விரலால் தூக்கி, ஊதி, கைமாற்றி, மறுபடி ஊதிக்கொண்டிருப்பார்கள். அண்ணன் மட்டும் இடது கையால் கிளாஸை முழுசாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு முடியும்வரை கிளாஸ் அந்தக் கையில்தான். "எருமத் தோலுடா உனுக்கு" என்று உடன் நிற்பவர்கள் கிண்டல் செய்வார்கள். "டிரம்மு கழுவுற கை மாமு இது. இதுக்கு சூடுன்னா இன்னா, சில்லுன்னா இன்னா" என்று அவரும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷமாக பேத்தாலஜி லேபில் தோல் சதையைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தவள், சூடு தெரியாத ஒரு கையைப் பார்த்துச் சிரித்தேன். என் மேல் எனக்குள்ள கோபம் அந்தச் சிரிப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். ராயபுரத்தில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தோம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பள்ளி முடித்து லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அறுத்தெடுத்த சதையை வெட்டுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று ஒரு சித்தி என் எதிரிலேயே கேட்டார். "உன் புள்ளைக்கு ஒண்ணும் கேக்கல சித்தி, நீ கம்முனு கெட" என்று அண்ணன்தான் வாயை அடைத்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் பெருமைக்கு அளவே இல்லை. "என் தங்கச்சி கண்ணாடில ஒரு தபா பாத்துச்சுன்னா உள்ள கீறது எல்லாம் சொல்லிடும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சொல்வது டாக்டர், நான் வெட்டிக் கொடுப்பவள்தான் என்று எத்தனை முறை திருத்தியும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அது பிடித்துத்தான் இருந்தது.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோலில் புரியாத திட்டு, நிறம் மாறிய இடம், ஆறாத தடிப்பு என்று ஏதாவது இருந்தால் டாக்டர் அங்கே மிளகளவு சதை எடுத்து மருந்துத் தண்ணீரில் போட்டு எங்களிடம் அனுப்புவார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது 'சதை டெஸ்ட்'. அந்தத் துண்டை மெழுகில் புதைத்துக் கட்டையாக்கி, இயந்திரத்தில் வைத்துச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, ஊதாவும் ரோஜா நிறமும் ஏற்றினால்தான் உள்ளே நடப்பது தெரியும். வெளியே பார்க்க எல்லா வெளுப்பும் ஒன்றுதான். தேமலும் வெளுப்புதான், வெண்புள்ளியும் வெளுப்புதான், ரசாயனம் பட்டு நிறம் செத்துப்போனதும் வெளுப்புதான். எது எதென்று கண்ணாடி மட்டும்தான் சொல்லும். ஒரு மெழுகுக் கட்டையிலிருந்து நூறு சீவல்கூட எடுக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை நான் அண்ணனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் குடிபோனவர், மாத்தூர் தாண்டி ஒரு பசை கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். செருப்புக்கும் பலகைக்கும் ஒட்டுகிற பசை. அது கலக்கும் டிரம்களைக் கழுவுவது அவர் வேலை. கையுறை கிடையாது, கழுவி முடித்துக் கை கழுவச் சோப்பு கிடையாது. இரண்டு மூன்று வருஷத்தில் அங்கே டிரம் கழுவிய பதினோரு பேருக்கும் கையில் வெள்ளைத் திட்டுகள் வந்தன. சிலருக்கு விரல் நுனியெல்லாம் வெளுத்தது, சிலருக்கு மணிக்கட்டு வரை. கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, இது பரம்பரையாக வரும் வெண்புள்ளி, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். பதினோரு வெவ்வேறு வீட்டில் பிறந்த பதினோரு ஆண்களுக்கு எப்படி ஒரே பரம்பரை வந்தது என்று அந்த ஆள்தான் விளக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மற்ற தொழிலாளிகள் பயப்படுகிறார்கள் என்று பதினோரு பேரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அன்று அந்தக் கேட்டின் இரும்புக் கம்பி மேல் பதினோரு பேரும் கையை வைத்து, உள்ளே போனால் பதினோரு பேரும் போவோம், ஒருவன் குறைந்தாலும் எவனும் போக மாட்டான் என்று சத்தியம் செய்தார்கள். செய்ய வைத்தவர் அண்ணன். பேச்சு வருகிறவர், பயமில்லாதவர், தவிர திட்டு அவருக்குத்தான் பெரிசு. இடது முன்கையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதனால் மனுவில் முதல் பெயர் அவருடையது. வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும், கையுறை தர வேண்டும், பசைதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மூன்று கோரிக்கை. வழக்கு எடுத்த வக்கீல், வாய்ப்பேச்சு உதவாது, சதை டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் என்றார். நான் வேலை பார்த்த லேபுக்கே வர அண்ணன் ஏற்பாடு செய்துவிட்டார். தங்கச்சி இருக்கும்போது வேறு எங்கே போவது.

லேபுக்கே வந்து சதை எடுத்த தோல் டாக்டருக்கு அன்று அவசரம். பதினோரு பேரும் ஒரே கம்பெனி, ஒரே கதை, ஒரே வெளுப்பு. முதல் இரண்டு பேரை நன்றாகப் பார்த்தவர் மற்றவர்களையும் பார்த்ததாகவே எழுதிவிட்டார். அண்ணன் ஒன்றாம் எண் என்றாலும் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் போனார். மரத்துப்போக ஊசி போடும்போது மற்றவர்கள் எல்லாம் பல்லைக் கடித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இன்னாமே, ஊசி போட்டாரா இல்லியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். துண்டு தொலைந்துபோனால் என்ன செய்வது, மறுபடி கையைக் கிழிப்பீர்களா என்று அவர் கேட்டதற்குத்தான், ஒரு கட்டையிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டலாம் என்று பெரிய மனுஷி போலச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து கண்ணாடி ஸ்லைடுகள் தயாரானதும், ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோகும் முன் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று என் மேசையில் இருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இது வழக்கமாகச் செய்வதுதான். இரண்டு முதல் பதினொன்று வரை ஒரே கதை. மேல்தோலின் அடிவரிசையில் நிறம் தயாரிக்கிற செல்கள் இருக்க வேண்டிய இடம் காலி. பசை செய்த வேலை அப்பட்டமாகத் தெரிந்தது. ஒன்றாம் எண்ணில் அந்த வரிசை அப்படியே இருந்தது, நிறம் மட்டும் மங்கியிருந்தது. கீழே ஒரு நரம்பு இழையைச் சுற்றிலும் செல்கள் மொய்த்துக் கிடந்தன, நரம்பு பாதிதான் மிச்சம். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் படத்தை நூறு தடவையாவது பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் இன்னொரு சீவல் எடுத்து, கிருமி காட்டுகிற சாயம் ஏற்றினேன். நீலத்தின் நடுவே நாலைந்து சிவப்புக் குச்சிகள். தொழுநோய். கிளாஸும் ஊசியும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஸ்லைடை மற்ற பத்தோடு சேர்த்து எதிர் அறைக்கு எடுத்துப் போய் டாக்டரம்மா மேசையில் வைத்திருக்க வேண்டும். நடந்தால் இருபது அடி. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. லேபிலோ ஆஸ்பத்திரியிலோ கோர்ட்டிலோ நம் ஆள் ஒருவர் இருந்தால், கெட்ட சேதி காகிதத்தில் ஏறும் முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்குத்தானே நம் ஆள். அப்படிச் சொல்லாதவரைப் பிறகு யாரும் மன்னிப்பதில்லை. எத்தனையோ பேருக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன், நல்லது செய்ததாகவே நினைத்திருக்கிறேன். அன்று மதியமே அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அண்ணி பின்பக்கம் மீன் அலசிக்கொண்டிருந்தார். நாலு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எண்ணூர்ப் பக்கப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி கேட்டார்.

"குஷ்டமா?"

"மாத்தர கீதுண்ணா. கவர்மெண்டே சும்மா தர்றாங்க. ஒரு வருஷம் போட்டா போயே போய்டும். இப்ப கை நல்லாதான கீது, இப்படியே காப்பாத்திடலாம். லேட்டு பண்ணாதான் நரம்பு போய்டும், வெரலு மடங்கிடும்."

"மாத்தர கெடக்கட்டும்மே. பேப்பர்ல இன்னா எழுதுவாங்கோ?"

"கீறததான் எழுதுவாங்க."

"அப்ப முடிஞ்சுது. கம்பெனிக்காரன் அந்த ஒரு பேப்பர புட்சிகினு ஆடுவான். பசையும் இல்ல கிசையும் இல்ல, அல்லாருக்கும் குஷ்டம்னு சொல்லிடுவான். பத்து பேரு வூட்ல என்னால அடுப்பு எரியாது."

"உன் பேர மட்டும் எட்த்துடலாம்ணா."

"எட்த்தா கேக்க மாட்டானுங்களா? கேட்டு மேல கைய வெச்சு சத்தியம் பண்ண வெச்சவனே நானு. வெலகினா கம்பெனிகிட்ட துட்டுக்கு கை நீட்டிட்டான்னு சொல்லுவானுங்கோ. இல்லன்னா வியாதின்னு சொல்லணும். நீயே சொல்லு, ரெண்டுல எத சொல்லட்டும்? உங்க அண்ணி என் பக்கத்துல படுப்பாளா? பாப்பாவ எவனாவது தூக்குவானா?"

அவர் குரலைத் தாழ்த்தி, "ஒரு கட்டைலேந்து எத்தினி தபா வோணாலும் வெட்டலாம்னு நீதான சொன்ன?" என்றார். பிறகு, "கேஸுக்கு பேப்பர் மட்டும் வரட்டும். வந்த மறுநாளே நீ சொல்ற மாத்தரய போட்டுக்கறேன். மாதா மேல சத்தியம்" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை. எனக்காகச் சண்டை போட்டவர், என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவர். அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

செய்தேன். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நான்காம் எண்காரரின் கட்டை பெரிசாக இருந்தது. அதிலிருந்து இன்னொரு சீவல் எடுத்தேன், சாயம் ஏற்றினேன், வைரமுனைப் பேனாவால் கண்ணாடியின் ஓரத்தில் ஒன்று என்று கீறினேன். அண்ணனுடைய உண்மையான ஸ்லைடுகள் இரண்டையும் உடைத்துக் கண்ணாடிக் குப்பையில் போட்டேன். கை நடுங்கியதாகச் சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம், சீவல் சுருக்கமில்லாமல் அழகாகவே விழுந்தது.

டாக்டரம்மா பதினொன்றையும் வரிசையாகப் பார்த்தார். ஒன்றையும் நான்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா?" என்றார். "ஒரே ஏரியா மேடம்" என்றேன். "ஏரியா ஒண்ணா இருந்தா மயிர்க்கால்கூட ஒரே மாதிரியா இருக்கும்?" என்று சிரித்தார். என்னை நம்பியவர். என் கையில் தவறு நடக்காது என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறவர். அந்த நம்பிக்கையோடுதான் பதினோரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டார். அவர் ஓய்வுபெற்ற நாளில் எனக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். அதை நான் இன்னும் கட்டவில்லை.

ரிப்போர்ட் வந்த மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். "வக்கீலு கைல பேப்பர் குட்த்துட்டோம்மே. கேஸ் நம்பர் வுழட்டும், அப்புறம் போறேன்" என்றார். கேஸ் நம்பர் விழுந்தது. மாத்திரை வாங்கினால் ஆஸ்பத்திரி நோட்டில் பெயர் ஏறும், அங்கே கம்பெனிக்குத் தெரிந்த ஆள் இருப்பான், முதல் வாய்தா முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. சாட்சி விசாரணை முடியட்டும் என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், அண்ணியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொன்னா ஸ்லைட மாத்துனதயும் சேத்து சொல்லணும்மே, உன் வேல போய்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மிரட்டவில்லை அவர். என்மேல் அக்கறையில்தான் சொன்னார், அதுதான் கொடுமை. நானும் வாயை மூடிக்கொண்டேன். அக்கறை இரண்டு பக்கமும் இருந்தது, மாத்திரை மட்டும் யார் வாயிலும் போகவில்லை. இப்படியே இரண்டரை வருஷம் போனது.

ஒரு வெயில் காலத்தில் அந்தத் திட்டு திடீரென்று சிவந்து தடித்தது. முழங்கையின் உள்பக்கம் விண்விண்ணென்று வலி. அண்ணன் அதைச் சுளுக்கு என்று சொல்லி யாரிடமோ எண்ணெய் போட்டு உருவிக்கொண்டார். எனக்குச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அண்ணி போன் செய்து, "உங்க அண்ணனுக்கு சட்ட பட்டன் போட வரலமே, வெரலு இன்னாவோ மாரி கீது" என்றபோது ஆட்டோ பிடித்து ஓடினேன். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியிருந்தன. நிமிர்த்தப் பார்த்தார். நிமிர்ந்தது, விட்டதும் மறுபடி மடங்கியது. அதை என்னிடம் இரண்டு மூன்று தடவை செய்து காட்டினார், ஏதோ வேடிக்கை காட்டுகிற மாதிரி. முதல் இரண்டு நாளில் வந்திருந்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மீஞ்சூர்ப் பக்கம் நான் கூட்டிப்போன டாக்டர். இரண்டரை வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்த மருந்தே வேண்டியிருக்காது என்பது அவருக்குத் தெரியாது. அண்ணன் அதன் பிறகு ஒரு வருஷம் ஒழுங்காக மாத்திரை போட்டார். அண்ணியிடம் நரம்புக்குச் சத்து மாத்திரை என்று சொல்லிக்கொண்டார். கிருமி செத்தது. விரல் வரவில்லை.

அடுத்த வருஷம் கேஸ் ஜெயித்தது. பசைதான் காரணம் என்று தீர்ப்பு வந்தது, அது உண்மையும்கூட. அந்தப் பத்துப் பேரின் கையில் இன்றைக்கும் வெள்ளை இருக்கிறது, அந்தக் கம்பெனி செய்த அநியாயத்தில் ஒரு பொய்யும் இல்லை. தீர்ப்பு நாளில் கோர்ட் வராந்தாவில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது நான் வக்கீலிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், பதினோரு ரிப்போர்ட்டும் இருந்ததால்தான் ஜெயித்தோமா என்று. "பதினொண்ணு எதுக்கும்மா, அஞ்சு இருந்தாலே போதும்" என்றார் அவர், ஃபைலைக் கட்டிக்கொண்டே. "ஒரே இடத்துல வேலை பார்த்த அஞ்சு பேருக்கு ஒரே மாதிரி வந்தா எந்த ஜட்ஜும் பார்ப்பாங்க. நடுவுல நாலஞ்சு பேர் விலகியிருந்தாக்கூட நமக்கு ஒண்ணும் ஆகியிருக்காது." அவரிடம் இந்தக் கேள்வியை மூன்றரை வருஷம் முன்னால் கேட்க எனக்கு ஒரு போன் போதுமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டு விஷயத்தை வெளியாளிடம் கேட்பதா என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். சொந்தத்தில் சதை டெஸ்ட் தெரிந்தவள் இருக்கிறாள், கோர்ட் தெரிந்தவர் யாருமில்லை, ஆனாலும் மொட்டை மாடியில் நின்று நாங்கள் இரண்டு பேரே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

வேலைக்குத் திரும்பும் நாளில் அண்ணியோடு நானும் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். கம்பெனி இப்போது ரொம்பத் திருந்திவிட்டது. உள்ளே ஓர் அறை, அதில் புது டாக்டர், மேசை மேல் முழங்கை வரை வரும் ஆரஞ்சுக் கையுறைகள். ஒவ்வொருவராகப் போட்டுக் காட்ட வேண்டும். அண்ணனுக்கு இடது கை உள்ளே போகவில்லை. மடங்கிய இரண்டு விரலையும் வலது கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நுழைத்தாராம், உள்ளே போனதும் அவை மறுபடி சுருண்டுகொள்ள, கையுறையின் இரண்டு விரல்கள் காலியாகத் தொங்கினவாம். பிடிமானம் இல்லாத கையை உள்ளே விடப் பாதுகாப்பு விதி இடம் கொடுக்காது என்றாராம் டாக்டர். அத்தனை வருஷம் வெறுங்கையால் டிரம் கழுவ வைத்த இடத்தில் அன்றுதான் பாதுகாப்பு விதி பிறந்திருந்தது. நான்காம் எண்காரர்தான் வெளியே ஓடிவந்து எங்களிடம் சொன்னார். மற்றவர்கள் தயங்கி நின்றார்கள். சத்தியம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனே வந்து, "போங்கடா, உள்ள போங்க. சைரன் ஊதிடப் போறான்" என்று ஒவ்வொருவர் முதுகிலும் தட்டி அனுப்பினார். பத்துப் பேரும் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இப்படி நினைத்துக்கொள்ள எனக்குச் சில வருஷம் பிடித்தது.

இப்போது அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்துமிடம் பார்த்துக்கொள்கிறார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, இடது கை பேண்ட் பையில். யார் கேட்டாலும் மிஷினில் மாட்டிக்கொண்டது என்கிறார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை, அப்படி மிஷினுக்குக் கையைப் பறிகொடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. நான் போகும்போதெல்லாம் அவர் பெண்ணோடு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சை விரலளவு திரித்துக் கன்னம், கை, கால், முதுகு என்று தொட்டு, எங்கே தொட்டேன் சொல் என்பேன். "இங்க, அத்த. இப்ப இங்க" என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு வரும். அவளுக்குப் பத்து வயதாகிவிட்டது, இந்த விளையாட்டு அலுத்துவிட்டது. "அத்தைக்கு வேற கேமே தெரியாதா?" என்று போன மாதம் கேட்டாள்.

இந்த மாதம் அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து கோயில் பக்கத்துச் சின்ன ஹாலில் பிரியாணி. அந்தப் பத்துப் பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், வெளுத்த கைகளால் குழந்தைக்குச் சிலுவை போட்டு ஆசி கொடுத்தார்கள். நான் மூலையில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் விடவில்லை. என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, அண்ணியின் தம்பிக்குப் புதிதாகப் பெண் கொடுத்திருந்த வீட்டு ஆட்களிடம், "இதான் என் தங்கச்சி. இது மட்டும் இல்லன்னா எங்க கேஸு நின்னுருக்காது. கண்ணாடில பாத்து சொன்னது இதுதான்" என்றார். பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். நான்காம் எண்காரர் இரண்டு கையாலும் கும்பிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றார். அவர் தோலைத்தான் நான் திருடியிருந்தேன்.

கை கழுவும் இடத்தில் அண்ணன் தனியாக நின்றபோது பக்கத்தில் போனேன். வலது கையால் குழாயைத் திறந்து அதே கையை நீட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். "ஏண்ணா இப்படி எல்லார் எதிர்லயும் என்ன வெச்சு பேசற? என்னால தாங்க முடியல" என்றேன். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. என்னை ஒரு தடவை திட்டினால் போதும், நீ மட்டும் அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் என் கை போயிருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது எனக்கு.

அவர் குழாயை மூடினார். "வேற இன்னா பண்ணச் சொல்ற? உன்ன திட்னா வெரலு நிமிந்துடுமா?" என்றார். கோபமில்லாமல், எனக்குத் தெரிந்திருக்கும் ஒரு சமாசாரத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவர் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, பந்தி பரிமாறுகிறவரைப் பார்த்து, "இன்னாப்பா, எங்க தங்கச்சி இன்னும் சாப்டல பாரு, எல போடு" என்று குரல் கொடுத்தார்.

இலை போட்டார்கள். அவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.